எலுமிச்சம்பழத்துக்குள் இருந்த விரல்

சங்கரன்கோவிலுக்கு மிட்வைஃப் வேலைக்கு நான் வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமான இரண்டாம் வருஷமே தாலியைப் பறிகொடுத்துவிட்டு, அண்ணன் வீட்டு அடுப்படியே கதி என்று கிடந்தவளை யாரோ புண்ணியவான் சொல்லி ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பதினெட்டு மாதம் படித்தேன். வெள்ளைச் சேலையும் தோல் பையுமாக பஸ்ஸை விட்டு இறங்கியபோது, இந்த ஊரையே கழுவித் துடைத்துவிடலாம் என்ற திமிர் எனக்கு இருந்தது. சுதந்திரம் வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் அப்படி ஒரு திமிர் இருந்த காலம்தான். எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

அங்கே நடந்த ஒரு விஷயத்தை நான் பலரிடம் பாதியாகச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பெருமை தரும் பாதியை மட்டும். மீதியை இப்போது எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தில் எங்களுக்குப் பாடம் நடத்திய லேடி டாக்டர் ஒருநாள் எங்களை மைக்ராஸ்கோப் முன்னால் ஒவ்வொருவராக உட்காரவைத்தார். கண்ணாடித் துண்டில் சீழைத் தேய்த்து, தீயில் லேசாக வாட்டி, ஊதாச் சாயம் ஊற்றி, அயோடின் ஊற்றி, அப்புறம் ஸ்பிரிட்டில் கழுவ வேண்டும். சில கிருமிகள் கழுவினதும் சாயத்தை விட்டுவிடும். சில என்ன கழுவினாலும் விடாது, ஊதாவாகவே நிற்கும். அந்த விடாத கூட்டத்துக்கு கிராம் பாசிட்டிவ் என்று பெயர். எங்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. ‘ஊதாப் பூச்சி’ என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டோம்.

ஊதாப் பூச்சியில் எத்தனை தினுசு! கொத்தாக அப்பிக் கிடந்தால் அது கட்டி, கண்கட்டி, சிரங்கில் சீழ் எல்லாவற்றுக்கும் காரணம். சமைக்கிறவள் கையில் புண் இருந்து அது சோற்றில் இறங்கிவிட்டால் ஒரு பந்தி முழுக்க வாந்தி எடுக்கும். இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் நெஞ்சில் கபம் கட்டி மூச்சுத் திணறவைக்கும் காய்ச்சல். மெலிந்த குச்சிகள் கோணல்மாணலாகக் கிடந்தால் குழந்தைகளின் தொண்டையை அடைப்பது. ஒரு முனையில் மட்டும் உருண்டை வைத்த குச்சியாக இருந்தால் அது மண்ணிலும் சாணியிலும் கிடப்பது. துருப்பிடித்த கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தால் ஏழெட்டு நாளில் பிள்ளை இசிவு கண்டு விறைத்துப்போவது அதனால்தான். கடைசியாக ஒரு கண்ணாடித் துண்டை வைத்தார். பாசிமணி கோத்த மாதிரி நீளமாக ஒரு சங்கிலி தெரிந்தது. தொண்டைப்புண் முதல் பிள்ளை பெற்றவளுக்கு வரும் ஜன்னி வரை இதன் வேலை என்றார்.

“இது தானா நடந்து பிள்ளைத்தாய்ச்சிகிட்ட போகாது. யாராவது ஒருத்தர்தான் கொண்டுபோய்க் குடுக்கணும். அந்த ஒருத்தர் நீங்களா இருந்துடாதீங்க” என்றார் அந்த டாக்டர்.

இந்தப் பாடத்தைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மேலநீலிதநல்லூர் பக்கம் காட்டு வேலைக்குப் போகிற பெண்களை நடுவழியில் நிறுத்திக்கூடச் சொல்லியிருக்கிறேன். நகத்தை வெட்டு, சோப்புப் போடு, கத்தியைக் கொதிக்கவை. சொல்லுகிற தோரணை அப்படி இருக்கும், கேட்பவர்களுக்குச் சோப்பின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். எனக்குப் ‘பூச்சி நர்ஸ்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நான் தெருமுனையில் வரும்போதே, “ஏட்டி, பூச்சி நர்ஸு வாரா, கைய ஒளிச்சி வையி” என்று பெண்கள் சிரிப்பது என் காதில் விழும். கேட்காத மாதிரிப் போவேன். வீட்டுக்குப் போய்க் கொதிப்பேன்.

எனக்கு ஒரு எதிரி இருந்தாள். எதிரி என்று நானாக வைத்துக்கொண்டது. அவள் பரம்பரையாகப் பேறு பார்க்கிற குடும்பத்து மருத்துவச்சி. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். நெடுநெடுவென்று உயரம், வாயில் எந்நேரமும் வெற்றிலை, யாரையும் நேரே கண்ணைப் பார்த்துப் பேசுவாள். நான் குடியிருந்த நெசவுக்காரர் தெருவில் பாதி வீட்டில் அவளைக் கூப்பிட்டார்கள், பாதி வீட்டில் என்னை. எந்த வீட்டில் யார் போனார்கள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் நாலு பெண்கள் பார்க்க அவள் கத்தியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. “அதுக்கென்ன நர்ஸம்மா, வேற வாங்கிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றாள். அடுத்த முறை பார்த்தபோது புதுக் கத்தி வைத்திருந்தாள். வெந்நீரில் போட்டு எடுத்துத்தான் வைத்திருக்கிறேன் என்றாள். நான் நம்பவில்லை. நம்ப எனக்கு விருப்பமில்லை என்பதுதான் சரி.

பக்கத்து வீட்டில் ஒரு சின்னப்பெண் வாழ்ந்தாள். இருபது வயதுகூட இருக்காது. புருஷன் தறியில் உட்கார்ந்தால் அந்திவரை எழுந்திருக்க மாட்டான். மாமியார் ராட்டையோடு வாசலில் இருப்பாள். வேலை முடிந்த நேரத்தில் இவள் என் வீட்டு நடையில் வந்து உட்கார்ந்து, நான் சாமான்களைக் கொதிக்கவைப்பதை வேடிக்கை பார்ப்பாள். வெள்ளைச் சேலை கட்டினவள் என்பதால் நல்ல நாளில் நான் யார் எதிரிலும் போகாமல் ஒதுங்கி நடப்பது வழக்கம். ஊரில் யாரும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உடம்பே கற்றுக்கொள்ளும். இந்தப் பெண்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பூவும் தேங்காயுமாக என் வாசலில் நின்றுகொண்டு, “யக்கா, செத்த வெளிய வாங்க. ஒங்க மொகத்தப் பாத்துட்டுத்தான் நான் கோயிலுக்குப் போவேன்” என்றாள். மாமியார் முகம் சுருங்கியது. என்னவோ அதட்டுகிற மாதிரிப் பேசி அவளை அனுப்பிவைத்தேன். அதற்கப்புறம் அவள்மேல் எனக்கு உயிர்.

அவள் உண்டானபோது என்னிடம்தான் முதலில் சொன்னாள். “எனக்கு நீங்கதான் பாக்கணும்க்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு நாள் நெருங்கின சமயம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அரிசி புடைக்கும்போது முறத்திலிருந்து ஒரு மூங்கில் சிலாம்பு என் வலது கைச் சுட்டுவிரல் நகக்கண்ணில் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். மூன்றாம் நாள் நகத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, விண்விண்ணென்று தெறித்தது. நகச்சுத்து.

எனக்குத் தெரியும், என்ன செய்ய வேண்டும் என்று. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் கீறிச் சீழை எடுப்பார். புண் ஆறும்வரை பேறு பார்க்கக் கூடாது என்று எழுதிக்கொடுப்பார். பத்து நாளாவது ஆகும். அந்தப் பத்து நாளில் தெருவில் மூன்று நாலு பேறு இருந்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணுடையதும் சேர்த்து. எல்லாவற்றுக்கும் அந்த மருத்துவச்சிதான் போவாள். இரண்டு வருஷம் கத்திக் கத்தி நான் பிடித்த தெரு பத்து நாளில் அவள் கைக்குப் போய்விடும் என்று எனக்குப் பட்டது.

ஆகவே டாக்டரிடம் போகவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? ஊருக்கெல்லாம் பூச்சிப் பாடம் நடத்தின நான், புளியங்குடிப் பழமாக ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி, தலையைச் சீவி, குடைந்து, மஞ்சளும் உப்பும் வைத்து விரலில் செருகிக்கொண்டேன். எங்கள் வீட்டில் நகச்சுத்துக்கு அதுதான் செய்வார்கள். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தது. எரிந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம் என எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே போகும்போது பழத்தைக் கழற்றிவிட்டு, கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன். இரண்டு நாள் இப்படி ஓடியது. சீழ் உடைந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியத் தொடங்கியது.

பக்கத்து வீட்டில் ஒரு முற்பகலில் வலி கண்டது. மாமியாரே வந்து கூப்பிட்டாள். நான் பையோடு போனபோது அறைக்குள் அந்த மருத்துவச்சியும் இருந்தாள்.

“இவளை யாரு கூப்பிட்டது?” என்றேன்.

“நான்தான். கோவப்படாதிய நர்ஸம்மா. பேற நீங்க பாருங்க. பிள்ளையக் குளிப்பாட்ட அவதான வேணும்? அவ மாமியா காலத்துலேந்து எங்க வீட்டுக்கு அவங்கதான்” என்றாள் மாமியார்.

பச்சைப்பிள்ளையின் முதல் குளிப்பு மருத்துவச்சியின் காலில் போட்டுத்தான் நடக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். மூலையில் உட்கார், எதையும் தொடாதே என்று அவளிடம் சொல்லிவிட்டு, திரும்பி நின்று, அவசரத்தில் கழற்றாமல் முந்தானைக்குள் மறைத்து வந்த பழத்தை விரலிலிருந்து உருவினேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி ரப்பர் கையுறை. அதுவும் வெக்கையில் ஒட்டிப்போய்ப் பல இடத்தில் விரிசல் விட்டிருந்தது. அதில் நல்லதாகத் தெரிந்த ஒரு விரலை மட்டும் கத்தரித்து எடுத்து வந்திருந்தேன். அதைச் சுட்டுவிரலில் மாட்டி, நூலால் கட்டினேன். கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்தேன்.

திரும்பினால் அவள் எழுந்து என் பக்கத்தில் நிற்கிறாள். என் விரலைப் பார்த்திருக்கிறாள். சத்தம் வெளியே போகாமல் பேசினாள்.

“நர்ஸம்மா, அந்த வெரலோட உள்ள கை வைக்காதிய. சீழு இருக்கு. நான் ஒங்க சோப்பையே போட்டுக் கைய எத்தனை தடவ கழுவச் சொன்னாலும் கழுவுதேன். நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க. சொன்னபடி நான் செய்யுதேன்.”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பயிற்சி கொடுத்த டாக்டர் அங்கே இருந்திருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அது அவள் வாயிலிருந்து வந்தது என்பதுதான் என்னால் பொறுக்க முடியாத சங்கதி.

“வாய மூடிக்கிட்டு அங்கன போயி உக்காரு. என் சீழு வெரலு ஒன் கைய விடச் சுத்தம்” என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறேன். ஒருமுறைகூட அதைச் சொன்னவள் வேறு யாரோ என்று தோன்றியதில்லை. என் குரல்தான். என் குணம்தான்.

தலைப்பிள்ளை என்பதால் இழுத்துக்கொண்டே போனது. வெளியிலிருந்து மட்டும் பார்ப்பது என்று மனசில் வைத்திருந்தேன். முடியவில்லை. இரண்டு முறை உள்ளே கைவைத்துப் பார்க்க வேண்டி வந்தது. அந்தப் பெண் அலறியபோது மருத்துவச்சி சொல்லாமலே எழுந்து வந்து அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தாள், அடிவயிற்றைத் தடவிக் கொடுத்தாள். நான் தடுக்காமல் விட்டுவிட்டேன். சாயங்கால வெயில் சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல அழுகை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துச் சிரித்தார்கள்.

கையை மருந்துத் தண்ணீரில் முக்கினேன். சுட்டுவிரல் சுரீரென்று எரிந்தது. உறை சரியாக இருந்தால் விரல் எரிய வேண்டியதில்லை. நூலை அவிழ்த்து, உறையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நுனியில் அரை நெல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மருத்துவச்சி காலை நீட்டிக் குழந்தையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், ரப்பரைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டி, கட்டிலே ஆடியது. உடம்பு அனலாகக் கொதித்தது. அடிவயிற்றில் கைவைத்தால் துள்ளினாள். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அப்போதே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடினால் டாக்டர் கேட்பார், கையைக் காட்டச் சொல்வார்.

“பால் கட்டுற காய்ச்சல்தான். நாளைக்கு எறங்கிரும்” என்று மாமியாரிடம் சொன்னேன். என்னிடம் இருந்த சல்பா மாத்திரையைக் கொடுத்தேன். ஒரு முழு நாளை இப்படித் தின்றேன். மறுநாள் காலையில் போனபோது அவள் கண் எங்கோ நிலைகுத்தியிருந்தது. குழந்தை பக்கத்தில் அழுவது காதில் விழவில்லை. என்னைப் பார்த்து, “யக்கா, குளுருதுக்கா, தறிக்கு அடியில தண்ணி வந்துட்டு” என்றாள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அப்போது இருந்த டாக்டர் வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் சிடுசிடுப்பு. பெனிசிலின் மருந்து அப்போதுதான் எங்கள் பக்கமெல்லாம் வரத் தொடங்கியிருந்தது. அதை ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க்கில் பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தார். முதல் ஊசியைப் போட்டுவிட்டு, பஞ்சுக் குச்சியில் அவளுடைய பிரசவத் தீட்டைத் தொட்டு என்னிடம் நீட்டினார். ஸ்லைடு போடத் தெரியும் என்பதால் அந்த வேலை எப்போதும் என்னிடம் வரும்.

ஊதாச் சாயம் ஊற்றி, அயோடின் ஊற்றி, ஸ்பிரிட்டில் கழுவிப் பார்த்தேன். பாசிமணிச் சங்கிலி. ஒன்றல்ல, கண்ணுக்கு எட்டினவரை.

அறையில் நான் தனியாகத்தான் இருந்தேன். இன்னொரு கண்ணாடித் துண்டை எடுத்தேன். என் விரலை அழுத்தினேன். நகத்தோரத்தில் ஒரு சொட்டு வந்தது. அதைத் தேய்த்து, வாட்டி, சாயம் ஊற்றி, அதே மாதிரிக் கழுவினேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தபோது இரண்டு துண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் அதே சங்கிலி, அதே ஊதா. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அந்தத் துண்டைச் சோப்புத் தண்ணீரில் போட்டுக் கழுவித் துடைத்து, கழுவின துண்டுகளோடு அடுக்கிவைத்தேன். முதல் துண்டை மட்டும் டாக்டரிடம் கொண்டுபோனேன்.

பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “யார் பிரசவம் பார்த்தது?”

“நான்தான் சார்.”

“பின்னே இது எப்படி வந்தது?”

வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது உறுதியாகத் தெரியவில்லை. அதற்குள் மாமியார் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நர்ஸம்மா மேல ஒரு குத்தமும் கெடையாதுய்யா. அவுக படிச்சிப் படிச்சிச் சொன்னாக. நான்தான் கூறுகெட்டுப் போயி அந்த மருத்துவச்சியையும் கூப்பிட்டேன். அவ வயித்தத் தடவுனா, முதுகப் பிடிச்சா. எல்லாம் என் கண்ணு முன்னாலதான்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “நீ இருக்கும்போதே அவளைத் தொடவிட்டாயா?”

என் கை முந்தானைக்குள் இருந்தது.

“ஆமா சார். தொடாதேன்னு சொன்னேன். கேக்கல” என்றேன்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய் என் வாழ்நாளில் நான் சொன்னதுமில்லை. நடந்ததை எழுதிக்கொடு என்றார் டாக்டர். மூலையில் உட்கார்ந்து, இடது கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த வலிக்கிற விரலால் பேனாவைப் பிடித்து, மருத்துவச்சி தொட்டதை மட்டும் எழுதினேன்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு ஊசி என்று நாள் கணக்கில் போட்டார்கள். நான் அவள் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஆனால் அவளைத் தொடவில்லை. ஏன் தொட மாட்டேன் என்கிறேன் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் காலையில் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து அழுதேன். அதைப் பார்த்த மாமியார், “பெத்த தாயிகூட இப்படிப் பாக்க மாட்டா” என்று ஊரெல்லாம் சொன்னாள்.

பிழைத்து வந்தாள். முடியெல்லாம் கொட்டி, பாதியாக இளைத்துப்போய் வந்தாள். அதற்கப்புறம் அவளுக்குக் கரு தங்கவேயில்லை. உள்ளே புண்ணாகி ஆறினதில் குழாய் அடைபட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. “அந்தப் பாவி கை பட்டதுல என் வயிறு மூடிட்டுக்கா” என்று மருத்துவச்சியைச் சொல்லுவாள். “நீங்க மட்டும் இல்லன்னா நான் மண்ணாயிருப்பேன்” என்றும் சொல்லுவாள். ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லுவாள். நல்லநாள் பெரியநாள் என்றால் முதல் கொழுக்கட்டை என் வீட்டுக்குத்தான் வரும். நான் அதைத் தின்றேன். தொண்டையில் இறங்கத்தான் செய்தது. மனுஷத் தொண்டைக்கு எதையும் இறக்கத் தெரியும்.

என் விரல் டாக்டர் கீறாமலே பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறியது. நகம் விழுந்து புது நகம் கொஞ்சம் கோணலாக முளைத்தது.

மருத்துவச்சியைத் தெருவில் யாரும் கூப்பிடவில்லை. முதலில் நெசவுக்காரர் தெரு, பிறகு அடுத்த தெரு, பிறகு ஊர். பெண்கள் அவள் எதிரில் வந்தால் வயிற்றை முந்தானையால் மூடிக்கொண்டு போனார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட வேண்டாம் என்றார்கள். அந்த வழக்கமே எங்கள் தெருவில் அதோடு நின்றது. நான் இரண்டு வருஷம் கத்தி முடியாத காரியம், ஒரு காகிதத்தில் முடிந்தது. அவள் இளையரசனேந்தல் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். வெயிலில் போய்ப் பழக்கமில்லாத உடம்பு. முகம் கன்றிப்போயிருந்ததை ஒருநாள் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். அவள் ஒதுங்கி எனக்கு வழி விட்டாள்.

அவள் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று யோசித்து யோசித்து ஒரு பதிலை நானே செய்துகொண்டேன். பெருந்தன்மை. எல்லாம் பார்த்தும் வாயை மூடிக்கொண்டாள், பெரிய மனுஷி என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. ஒருநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்பதற்காக அவள் தெருவரை போனேன். வாசலில் அவள் குரல் கேட்டது. வேறு யார் வீட்டையோ தேடி வந்தவள் மாதிரி நடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆறேழு வருஷம் ஓடியது. ஒருநாள் விடிந்து வெயில் ஏறின நேரம், என் வாசலில் அவள் நின்றாள். நடையில் ஏறவில்லை.

“நர்ஸம்மா, மவளுக்கு வலி கண்டிருக்கு. ராயகிரியில கட்டிக் குடுத்திருந்தேன்லா, தலைப்பேறுக்கு வந்திருக்கா. வாரியளா?”

“நீயே பாக்கலாமே” என்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல் வந்த பேச்சு.

“தொட்டு எத்தன வருசமாச்சி. பெத்த மவ வேற. கை நடுங்குது” என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். அவள் வீட்டு வாசலில் உள்ளேயிருந்து பெண்ணின் முனகல் கேட்டது. நான் படியில் கால் வைத்தேன். அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

“கையக் காட்டுங்க.”

காட்டினேன். இரண்டு கையையும் வெயிலில் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக எடுத்து, நகக்கண்ணைத் தன் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். வலது சுட்டுவிரல் வந்தபோது அந்தக் கோணல் நகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் முகத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“அன்னைக்கு நீ எல்லாத்தையும் பாத்த. ஏன் யார்கிட்டயும் சொல்லல?” என்று கேட்டேன்.

அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள்.

“சொல்லலைன்னு யாரு சொன்னா? எல்லார்ட்டயும் சொன்னேன். அந்தப் பிள்ள வீட்டுலயே போயிச் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல நர்ஸம்மா. பொறாமையில சொல்லுதா, படிச்சவ மேல பழி போடுதான்னு அடிக்க வந்தாங்க.” என் விரலை விட்டாள். “புண்ணு ஒண்ணுமில்ல. வாங்க உள்ள.”

பெருந்தன்மை என்று நான் ஆறேழு வருஷம் சாய்ந்து தூங்கின சுவர் அங்கே இல்லை. ஒருத்தி தெருத்தெருவாக நின்று உண்மையைக் கத்தியிருக்கிறாள். அது என் காதுக்கு மட்டும் வராதபடி ஊர் எனக்கு மரியாதை செய்திருக்கிறது.

பேறு நல்லபடியாக முடிந்தது. ஆண் குழந்தை. நான் கேட்காமலே அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் குழந்தையை அவள் காலில் போட்டேன். இன்றைக்கே போய்ப் பக்கத்து வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு எழுந்தேன். திரும்பி வரும் வழி முழுக்க எந்த வார்த்தையில் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“யக்கா, அவ வீட்டுக்கா போயிட்டு வாரிய? அவ மவளுக்குப் பேறுன்னாங்க.” அவள் கண் நிறைந்துவிட்டது. “நாங்களா இருந்தா அந்த வாசப்படியில காலு வைப்பமா? எம்மாம் பெரிய மனசுக்கா ஒங்களுக்கு.”

கை கழுவக் கொஞ்சம் தண்ணீர் கொடு என்றேன். அவள் ஓடிப்போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்து, என் இரண்டு கையிலும் மெல்ல ஊற்றினாள்.